துறைமுகம் முதல் மலைக்கடை வரை: கட்டுமானப் பொருள் வணிகரின் சட்டக் கடமைகள்

கொல்லிமலையின் ‘நாடு’ எனப்படும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டில் தளம் போட்டு ஒரு வீடு எழும்ப வேண்டுமானால், மண்ணும் கல்லும் போக மற்ற எல்லாமே கீழிருந்துதான் வர வேண்டும். சிமெண்ட், கம்பி, தகரம், ஒயர், குழாய், டைல்ஸ், கதவுப் பலகை என்று சேலம், நாமக்கல், ராசிபுரம் மொத்தக் கடைகளிலிருந்து ஏற்றி, மலைப்பாதையில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். காரவள்ளி வழியில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சரக்கில் ஒரு பகுதி வெளிநாட்டுச் சரக்கு. ஒட்டுப்பலகை வேறு நாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். தேக்கு பர்மாவிலிருந்து வந்ததாக இருக்கலாம். மலையில் கடை வைத்திருப்பவர் துறைமுகத்தையே பார்த்திராதவராக இருந்தாலும், துறைமுகத்தில் தொடங்கும் கடமைச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அவர்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டுமானப் பொருள்களுக்கென்றே தனிச்சட்டம் உண்டு. 2011இன் 305ஆம் எண் ஒழுங்குமுறை தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விநியோகிப்பவர் ஆகிய மூவரின் கடமைகளையும் தனித்தனியே எழுதி வைத்தது. அதன் இடத்தில் இப்போது 2024இன் 3110ஆம் எண் ஒழுங்குமுறை வந்திருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரே நூல் இல்லை. தர முத்திரை ஒரு சட்டத்தில், எடையும் விலையும் இன்னொன்றில், சுங்கம் வேறொன்றில், மணலும் ஜல்லியும் கனிம விதிகளில், நட்டஈடு நுகர்வோர் சட்டத்தில் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதே இந்த வணிகத்தில் அதிகம் நடக்கும் தவறு.

முத்திரை கட்டாயமான பொருள்கள்

அடிப்படைச் சட்டம் இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016. இது 2017 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை பொதுவாக விருப்பத்தின்பேரில் பெறுவது. ஆனால் 16ஆம் பிரிவின்படி மத்திய அரசு ஒரு பொருளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை போட்டுவிட்டால், அந்தப் பொருளுக்கு முத்திரை கட்டாயம். அதன்பின் 17ஆம் பிரிவு செயல்படும்: முத்திரை இல்லாமல் அந்தப் பொருளைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, விற்பதற்காகக் கிடங்கில் வைத்திருப்பதும் கடையில் காட்சிக்கு வைப்பதும்கூடக் குற்றம். ‘இன்னும் விற்கவில்லை, சும்மா வைத்திருக்கிறேன்’ என்ற பதில் எடுபடாது என்பதைக் கடைக்காரர்கள் பலர் அறிவதில்லை.

கட்டடத்தின் உயிர்நாடியான பொருள்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. சிமெண்டுக்கு 2003ஆம் ஆண்டின் ஆணை. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஐஎஸ் 269, சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு ஐஎஸ் 1489 பகுதி 1. கம்பிக்கும் இரும்புத் தகட்டுக்கும் எஃகு ஆணைகள் 2012 முதல் படிப்படியாக விரிந்து வந்தன. டிஎம்டி கம்பிக்கு ஐஎஸ் 1786, துத்தநாகப் பூச்சுத் தகரத்துக்கு ஐஎஸ் 277. வீட்டு ஒயருக்கு 2003இலேயே ஆணை வந்துவிட்டது. அதன் எண் ஐஎஸ் 694. கட்டடக் கண்ணாடியில் சில வகைகள், ஒட்டுப்பலகை, மரக் கதவு ஆகியவை பிற்பாடு சேர்ந்தவை. இந்தப் பட்டியல் அசையாத ஒன்றல்ல. புதிய ஆணைகள் வரும், நடைமுறைத் தேதி தள்ளிப்போகும், சில திரும்பப் பெறப்படும். 2025 நவம்பரில் பாலிமர், இழை மூலப்பொருள்கள் சிலவற்றுக்கான ஆணைகள் நீக்கப்பட்டன. சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் நாளில் அமைவனத்தின் இணையதளத்தில் பட்டியலைப் பார்ப்பதே சரி. சென்ற ஆண்டு நிலவரத்தை நம்பி லாரி ஏற்றக்கூடாது.

முத்திரையில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: நடுவில் ஐஎஸ்ஐ சின்னம், அதற்கு மேலே தர எண், கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண். உரிம எண் இல்லாத சின்னம் வெறும் படம். ‘பிஐஎஸ் கேர்’ என்ற கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இன்றைக்குச் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். ஓர் ஆலைக்குக் கம்பிக்கான உரிமம் இருப்பதால் அதன் தகரத்துக்கும் உரிமம் இருப்பதாக ஆகாது. உரிமம் பொருளுக்கும் ஆலைக்கும் சேர்த்துத் தரப்படுவது.

18ஆம் பிரிவு விற்பவருக்கு நேராகச் சொல்லும் கடமைகள் இரண்டு. முத்திரையிட்ட பொருளை உரிமம் உள்ளவரிடமிருந்து வந்த சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும். கட்டாய முத்திரைப் பொருள் என்றால், வேண்டிய குறிகளும் விவரங்களும் அதன்மேல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விற்க வேண்டும். தரம் குறைந்த சரக்கை நிறுத்தவும் சந்தையிலிருந்து திரும்பப் பெறவும் அமைவனம் உத்தரவிடலாம். 17ஆம் பிரிவை மீறினால் 29ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை, அல்லது முதல்முறை குறைந்தது 2 லட்சம் ரூபாய், மறுமுறை குறைந்தது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதம் சரக்கு மதிப்பின் பத்து மடங்கு வரை போகலாம். சிறு கடைக்கு வேறு அளவு, பெரிய கடைக்கு வேறு அளவு என்று பிரிவு பேசவில்லை.

துறைமுகத்தில்

இறக்குமதி செய்பவருக்கு முதலில் வேண்டியது வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் தரும் ஐஇசி எண். சரக்கு வரும்போது சுங்கச் சட்டம், 1962இன் 46ஆம் பிரிவின்படி இறக்குமதிப் பட்டியல் தாக்கல் செய்ய வேண்டும். பொருளின் வகை, மதிப்பு, வரி விகிதம் ஆகியவற்றை முதலில் கணக்கிட்டுச் சொல்வது இறக்குமதியாளரே. எனவே தவறாகச் சொன்னாலும் பொறுப்பு அவருடையதே.

கட்டாய முத்திரைப் பொருளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உரிமம் வாங்க வேண்டியவர் இறக்குமதியாளர் அல்ல, வெளிநாட்டு ஆலை. வெளிநாட்டுத் தயாரிப்பாளர் சான்றளிப்புத் திட்டத்தின்கீழ் அந்த ஆலை விண்ணப்பிக்க வேண்டும், இந்தியாவில் பொறுப்பேற்கும் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும், ஆலை ஆய்வுக்கும் மாதிரிச் சோதனைக்கும் உட்பட வேண்டும், வங்கி உத்தரவாதமும் தர வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். விலை மலிவு என்று கண்டெய்னரை ஏற்றச் சொல்லிவிட்டு அதன்பின் உரிமத்தைப் பற்றி யோசிப்பவரின் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். தடைசெய்யப்பட்ட சரக்காகக் கொண்டு 111ஆம் பிரிவில் பறிமுதலும் செய்யப்படலாம். நிற்கும் நாளுக்கெல்லாம் வாடகை ஏறும்.

ஆசியான் நாடுகள் போன்றவற்றோடு உள்ள ஒப்பந்தங்களின்படி வரிச் சலுகை கேட்பவருக்கு இன்னொரு கடமை சேர்ந்திருக்கிறது. 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, சரக்கு உண்மையிலேயே அந்த நாட்டில் உருவானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே திரட்டி ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். ஏற்றுமதியாளர் அனுப்பிய தோற்றச் சான்றிதழ் ஒரு தாள் மட்டும் போதாது. மரமாக இருந்தால் பயிர்நல ஆவணமும் வேண்டும். அதை 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை ஆள்கிறது.

சுங்கத்தைத் தாண்டிவிட்டால் மாநில அரசும் விட்டுவிடும் என்று எண்ணியதன் விளைவைத் தமிழ்நாடு 2017இல் பார்த்தது. புதுக்கோட்டையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் மலேசியாவிலிருந்து ஏறத்தாழ 55 ஆயிரம் டன் ஆற்று மணலைத் தூத்துக்குடி துறைமுகத்தில் இறக்கியது. மாநில எல்லைக்குள் மணலை ஏற்றிச் செல்லவும் இருப்பு வைக்கவும் கனிம விதிகளின்படி அனுமதி வேண்டும் என்று அதிகாரிகள் தடுத்தார்கள். வெளிநாட்டு மணலுக்கு உள்ளூர்க் குவாரி விதி எப்படிப் பொருந்தும் என்பது இறக்குமதியாளரின் கேள்வி. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இறக்குமதியாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே அரசு விதிகளைத் திருத்தி, வெளிநாட்டு மணல் விற்பனையைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல் அந்த மணலை அரசே வாங்கிக்கொள்வது என்று முடிந்தது. அதற்குள் மணல் மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே கிடந்தது. இறக்குமதியாளர் முதல் சுற்றில் வென்றார் என்பது உண்மை. ஆயினும் சரக்கை ஏற்றும் முன்பே மாநிலத்தின் கனிமத்துறையையும் கேட்டிருக்க வேண்டிய வணிகம் அது.

வழியில்

மலையேறும் வண்டியில் சரக்கோடு பில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்வழிச் சீட்டும் வேண்டும். வேறு மாநிலத்திலிருந்து வருவதற்கு வரம்பு 50 ஆயிரம். சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. எனவே பழைய இருப்பையும் புதிய இருப்பையும் ஒரே கணக்கில் கலக்காமல் இருப்பது நல்லது.

ஜல்லி, எம் சாண்ட், கிராவல் ஆகியவற்றுக்குப் பில் மட்டும் போதாது. கனிமமும் சுரங்கமும் பற்றிய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1ஏ) பிரிவு, விதிப்படி அல்லாமல் கனிமத்தை ஏற்றிச் செல்வதையும் இருப்பு வைப்பதையும் தடுக்கிறது. தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டு விதிகள் வண்டிக்கு நடைச்சீட்டும், இருப்பு வைத்து விற்பவருக்குப் பதிவும் கேட்கின்றன. நடைச்சீட்டில் நேரம், வண்டி எண், அளவு எல்லாம் உண்டு. ஒரே சீட்டில் இரண்டு லோடு அடிக்கும் பழக்கம் பிடிபட்டால் வண்டியும் போகும். எம் சாண்டின் தரத்துக்கு ஐஎஸ் 383 இருக்கிறது; எம் சாண்டுக்கென மாநில அரசு 2023இல் தனிக் கொள்கையும் வெளியிட்டது. ஏற்றுகூலி கட்டுப்படியாகவில்லை என்று மலையிலேயே பாறையை உடைத்து ஜல்லி விற்பவர் இறக்குமதி விதியை விடக் கடுமையான விதிகளில் மாட்டுகிறார். சொந்தப் பட்டாவில் இருக்கும் பாறையும் விதிவிலக்கல்ல.

அதிக பாரத்துக்கு ஓட்டுநர் மட்டும் பொறுப்பு என்பதும் தவறான நம்பிக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு ஓட்டுபவரோடு ஓட்டச் செய்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. கொண்டை ஊசி வளைவில் பாரம் மீறிய வண்டி என்ன செய்யும் என்பதைக் கொல்லிமலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடையில்

சிமெண்ட் மூட்டை எடையளவுச் சட்டத்துக்கும் உட்பட்டது. பொட்டலப் பொருள் விதிகள், 2011 பொதுவாக 25 கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலங்களை விட்டுவிடுகின்றன. சிமெண்டுக்கோ அந்த விலக்கு 50 கிலோவுக்கு மேல்தான் தொடங்குகிறது. ஆகவே வழக்கமான 50 கிலோ மூட்டையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுப் பொட்டலம் என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உருவான நாடு, இறக்குமதி செய்த மாதமும் ஆண்டும் வேண்டும். அவர் தம் பெயரை எடையளவுத் துறையில் பதிந்திருக்கவும் வேண்டும். பெட்டியில் சீன எழுத்து மட்டும் இருக்கும் குழாயையோ சுவிட்சையோ வாங்கி அடுக்கும் கடைக்காரர் பிறர் குற்றத்தைத் தம் அலமாரியில் ஏற்றி வைக்கிறார்.

மலைக்கடைகளில் அடிக்கடி எழும் கேள்வி ஏற்றுகூலி பற்றியது. அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் வைத்து விற்க முடியாது; மலைக்கென்று தனி விலை கிடையாது. வீடு வரை கொண்டுபோய் இறக்கித் தந்தால் அதற்கான வண்டிக்கூலியைத் தனியாகச் சொல்லி, பில்லில் தனி வரியாகக் காட்டலாம். நடைமுறையில் சிமெண்டின் அச்சு விலைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி தாராளமாகவே இருப்பதால் சிக்கல் குறைவு. விலையை அழித்து எழுதுவதால்தான் வழக்கு வருகிறது.

கம்பி எடைக்கும் விற்கும், எண்ணிக்கைக்கும் விற்கும். எண்ணிக்கையில் விற்கும்போதுதான் ஏமாற்று எளிது. ஐஎஸ் 1786இன்படி 8 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மி.மீ. கம்பி 0.888 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி என்றால் முறையே 4.74 கிலோவும் 10.66 கிலோவும் வர வேண்டும். தனிக் கம்பி ஒன்றில் 8 மி.மீ.க்கு 8 சதவீதம், 12 மி.மீ.க்கு 6 சதவீதம் வரை குறையலாம் என்று தரமே இடம் தருகிறது. அதாவது 4.36 கிலோவுக்குக் கீழே போன 8 மி.மீ. கம்பியும், 10.02 கிலோவுக்குக் கீழே போன 12 மி.மீ. கம்பியும் தரமற்றவை. கம்பியின் உடலிலேயே உருட்டிப் பதித்த ஆலைப் பெயர் இல்லாத சரக்கை எந்த விலைக்கும் இறக்கக்கூடாது. கடையின் மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வேண்டும்; தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது.

சேமிப்பும் சட்டக் கடமையே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேல் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் இடத்தில் சிமெண்ட் சீக்கிரம் கட்டி தட்டும். ஐஎஸ் 4082 தரும் வழிமுறை எளிது: தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல், பத்து மூட்டை உயரத்துக்கு மிகாமல் அடுக்க வேண்டும். முதலில் வந்த மூட்டை முதலில் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்ததைச் சோதிக்காமல் கட்டடத்துக்குத் தரக்கூடாது. மூட்டையில் அச்சிட்ட வாரமும் ஆண்டும் இதற்காகத்தான்.

கேடு நேர்ந்தால் யார் பொறுப்பு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் ஆறாம் அத்தியாயம் இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது. அதில் ‘பொருள் விற்பவர்’ என்ற வரையறைக்குள் இறக்குமதி செய்பவரும் வருகிறார். பொதுவாகப் பொருளின் குறைக்குத் தயாரித்தவரே பொறுப்பு. ஆனால் 86ஆம் பிரிவு சில நிலைகளில் அந்தப் பொறுப்பை விற்றவரிடம் திருப்புகிறது. பொருளை மாற்றியமைத்து விற்றால். ஆலை சொல்லாத உத்தரவாதத்தைத் தாமாகச் சொன்னால். பொருளைச் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் நியாயமான கவனம் காட்டாவிட்டால். எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாவிட்டால். நனைந்த சிமெண்டும், ‘முப்பது வருஷத்துக்கு ஒன்றும் ஆகாதுங்க’ என்ற வாய்ச்சொல்லும் இங்கேதான் வந்து மாட்டும்.

இவற்றில் கடைக்காரர் மிகவும் அஞ்ச வேண்டியது வேறொன்று. தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டாலோ, தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்கு எட்டாத இடத்தில் இருந்தாலோ, விற்றவரே தயாரித்தவரின் இடத்தில் நிற்க வேண்டும். துண்டுச் சீட்டில் வாங்கிய வெளிநாட்டு ஒயர் தீப்பற்றினால், திண்ணனூர் நாட்டுக் கடைக்காரர் ஊர் பெயர் தெரியாத ஆலைக்காகப் பதில் சொல்வார். பிறர் செய்த பொருளில் தம் பெயரை ஒட்டி விற்பவரைச் சட்டம் நேராகத் தயாரிப்பாளர் என்றே வைக்கிறது. ஐரோப்பிய ஒழுங்குமுறையிலும் இதே ஏற்பாடு உண்டு. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்த பின், வெளிச்சுவர் உறைப் பலகைகளின் சோதனை விவரங்கள் மறைக்கப்பட்டதை விசாரணை வெளிப்படுத்தியது. பொருள் விற்றவர்களின் ஆவணங்களை உலகமே கூர்ந்து பார்க்கத் தொடங்கியதற்கு அந்தத் தீ முக்கியக் காரணம்.

விற்றவருக்கும் காப்பு உண்டு. தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் 87ஆம் பிரிவு அவரை விடுவிக்கிறது. கொத்தனார் கலவையில் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றியதற்குச் சிமெண்ட் கடை பொறுப்பாகாது. ஆனால் அதைச் சோதனை அறிக்கையோடு காட்ட வேண்டும்.

பில் தராமல் விற்பதும், குறையுள்ள பொருளைக் குறித்த நாளுக்குள், நாள் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் இதே சட்டத்தில் முறையற்ற வணிகம். வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொல்லிமலைக்காரருக்கு அது நாமக்கல் மாவட்ட ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருள்கள் பற்றிய வழக்குகள் அங்கே விசாரிக்கப்படும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. உதவி எண் 1915.

ஆவணங்கள்

வாங்கிய பில், ஆலைச் சோதனைச் சான்று, உரிம எண்ணைச் சரிபார்த்த நாள், நடைச்சீட்டு, யாருக்கு எந்த லாட் போனது என்ற குறிப்பு ஆகிய ஐந்தும் ஒரே கோப்பில் இருந்தால் மேலே சொன்ன எந்தக் கேள்விக்கும் கடைக்காரரால் பதில் சொல்ல முடியும். ஊராட்சிக்கோ, கலைஞரின் கனவு இல்லம் போன்ற அரசு வீட்டுத் திட்டப் பயனாளிக்கோ பொருள் தருபவரிடம் பொறியாளர் முதலில் கேட்பதும் சோதனைச் சான்றைத்தான். ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். நுகர்வோர் வழக்குக்கான கெடு இரண்டாண்டு. அந்த இரண்டாண்டு விற்ற நாளிலிருந்து அல்ல, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது.